சேவையில்லாத் தூரம்

புங்கமேட்டுக்கு மினி பஸ் வந்த முதல் நாள் ஊர் எல்லையில் வாழைமரம் கட்டினார்கள். பதினெட்டாவது நாள் பஸ் வரவில்லை. டயர் வெடித்துவிட்டது என்றார்கள். பத்தொன்பதாவது நாளும் வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் காரணம் கேட்கவில்லை.

பஸ் ஓடாமல் இல்லை. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, ஜங்ஷனில் நின்று ஆள் ஏற்றி, பீங்கான் பேட்டையைத் தாண்டிக் கைகாட்டி வரைக்கும் வரும். கைகாட்டி மெயின் ரோட்டில் இருக்கிறது. ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, இரண்டு புளியமரம். அங்கிருந்து உள்ளே ஆறரை கிலோமீட்டர் போனால் புங்கமேடு. பஸ் அந்த ரோட்டில் மூக்கை மட்டும் நுழைத்துத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே டவுனுக்குப் போய்விடும். மெயின் ரோட்டில் ஏற ஆள் இருந்துகொண்டே இருக்கும். உள்ளே போகிற நேரத்தில் அங்கே இன்னும் இரண்டு நடை அடித்துவிடலாம். ஆனால் நெற்றியில் ‘விருத்தாசலம் – புங்கமேடு’ என்று பச்சை எழுத்து அப்படியே இருந்தது.

திரௌபதி, பீங்கான் பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். வயது நாற்பத்து மூன்று. ஒரு தடவை சுட்டெடுத்த டீக்கப்புகளைப் பளபளப்பு தரும் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்து, அடிப்பக்கத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து அடுக்கும் வேலை. அடியில் ஒரு துளி மிச்சமிருந்தாலும் சூளைக்குள் கப் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பதினோரு வருஷமாகத் துடைக்கிறாள். அவளுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் பூவாயி, அதே ஊர்க்காரி. பஸ் நின்றுபோன மூன்றாவது வாரம் பூவாயி வேலையை விட்டாள்.

“ஆட்டோக்காரன் எட்டு பேரு சேந்தாத்தான் உள்ள வரான்க்கா. சேரலன்னா நடக்க வேண்டியதா இருக்குது. வூட்டுக்குப் போவ மணி எட்டு ஆவுது. பசங்க பசியோட தூங்கிப் போவுதுங்க” என்று சொல்லிவிட்டு, ஏப்ரனை மடித்து ஸ்டூலின்மேல் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் அந்த ஸ்டூலில் டவுன் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை விட்டதும் திரௌபதி பேட்டை ஸ்டாப்பில் மினி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் பாரி வந்தான். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் உள்ளவன், யாரிடமும் சிடுசிடுப்பில்லாமல் பேசுவான்.

“புங்கமேடு ஒண்ணு” என்றாள்.

“கைகாட்டி வரைக்குந்தான்க்கா போவுது.”

“போர்டுல புங்கமேடுன்னு இருக்குது.”

“போர்டு அப்படித்தான் இருக்கும்.”

“அப்ப டிக்கெட்டும் அப்படியே குடு.”

பாரி சிரித்தான். கதவுக்கு மேலே ஒட்டியிருந்த கட்டணப் பட்டியலில் கடைசி ஸ்டேஜாகப் புங்கமேடு இருந்தது. மெஷினிலும் இருந்தது. அழுத்தினான், டிக்கெட் வந்தது. அவள் அதை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

கைகாட்டியில் எல்லாரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை.

“அக்கா, எறங்குங்க. வண்டி திரும்பணும்.”

“எங்க ஊரு வரலியே.”

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பிறகு வண்டியைத் திருப்பினார். எங்கேயாவது அலுத்துப்போய் இறங்கிவிடுவாள் என்று நினைத்திருப்பார். பேட்டை போனது, ஜங்ஷன் போனது, பஸ் ஸ்டாண்டு வந்தது. புது ஆட்கள் ஏறினார்கள். பாரி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றான்.

“நான் இன்னும் போய்ச் சேரலப்பா. வாங்கின டிக்கெட்டு முடியல” என்றாள்.

மறுபடி கைகாட்டி. மறுபடி பஸ் ஸ்டாண்டு. இரண்டாவது சுற்றில் ஏறுகிறவர்கள் எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது. ஒருத்தி, “சண்டையா?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். திரௌபதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, புருஷன் கொளஞ்சியப்பனுக்குப் போன் போட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, “வாயேன்” என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது சுற்று முடிந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது முதலாளி ராஜமாணிக்கம் வந்து ஏறினார். இருபது வருஷம் லாரி ஓட்டியவர். கடன் வாங்கி இந்த வண்டியை எடுத்திருந்தார். அவளுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“என்னாம்மா, இன்னும் எறங்கலையா நீங்க?”

“ஊரு வரலிங்களே.”

“உள்ள ஒரு நடை போனா ஆறு பேரு ஏறுறாங்க. டீசலுக்கே கட்டல. டிக்கெட்டு வெல நான் வெக்கிறதில்ல, கவர்மெண்டு வெக்கிது. கவர்மெண்டு பஸ்ஸுல பொம்பளங்கள ஓசியில ஏத்துனா அந்தக் காச அரசாங்கமே குடுத்துடுது. எனக்கு யாரு குடுக்கறாங்க, சொல்லுங்க.”

அவர் பொய் சொல்லவில்லை என்று திரௌபதிக்குத் தெரிந்தது. அதனாலேயே அவளுக்குக் கோபம் கூடியது.

“நட்டம்னா கவர்மெண்டப் போயிக் கேளுங்க. உங்க நட்டத்த நாங்க ஏன் நடந்து தீக்கணும்?”

ராஜமாணிக்கம் வெளியே நின்ற ஆட்டோவைக் காட்டினார். “அதுல உங்கள வூட்டு வாசல்ல எறக்கச் சொல்றன். காசு நான் குடுத்துக்கிறன். போயி சேருங்க.”

“ஆட்டோல ஏத்தி வுட்டா நான் ஒருத்தி போயிடுவன். பஸ்ஸு வராது.”

“போலீசக் கூப்புட வேண்டியதா இருக்கும்மா.”

“கூப்புடுங்க. அவங்ககிட்டயும் இந்த டிக்கெட்டத்தான் காட்டுவன்.”

போலீஸ் வரவில்லை. கொளஞ்சியப்பன்தான் டிவிஎஸ் வண்டியில் வந்தார். நிலக்கடலைக் காட்டிலிருந்து நேரே வந்ததால் முழங்கால் வரைக்கும் செம்மண். ஜன்னலுக்கு வெளியே நின்று விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

“முடிஞ்சிதா?” என்றார்.

“இல்ல. நாளைக்கும் இருக்குது.”

அவர் தலையாட்டிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார். வீட்டுக்கு வந்ததும், “நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் புங்கமேட்டுப் பெண்கள் ஐந்து பேர் ஏறினார்கள். ஐவருமே புங்கமேட்டுக்கு டிக்கெட் வாங்கினார்கள், கைகாட்டியில் ஒருத்தியும் இறங்கவில்லை. அதில் பூவாயியும் இருந்தாள்.

“ஒனக்குத்தான் டவுன்ல வேலையே இல்லியே?” என்றாள் திரௌபதி.

“உக்கார்றதுக்குத்தான் வந்தன்” என்றாள் பூவாயி.

சனிக்கிழமை பதினோரு பேர். திங்கட்கிழமை இருந்த இருபது சீட்டிலும் புங்கமேட்டுப் பெண்கள்தான். ஒருத்தி முருங்கைக்கீரை ஆய்ந்தாள். ஒருத்தி கைக்குழந்தைக்கு ஜன்னலில் லாரி காட்டினாள். டவுன் ஜனங்கள் படியில் கால் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போனார்கள். காலிச் சீட் இல்லாமல் ஓடியும் அன்று சாயங்காலம் பாரியின் பையில் இருபது டிக்கெட்டுக் காசுதான் இருந்தது.

“வசூலு இருந்தாத்தான்க்கா எனக்கு பேட்டா. மூணு நாளா பேட்டாவே இல்ல” என்றான்.

“ஒனக்குப் பேட்டா போவுது, எங்களுக்கு வேலயே போவுது. வா, ஒங்க மொதலாளிய சேந்தே கேப்போம்.”

பாரி அன்றைக்கு அவர்களை இறங்கச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸே ஓடவில்லை. கைகாட்டிக்கும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஊராட்சி அலுவலகத்துச் சுவரில் போக்குவரத்து அலுவலகத்து அறிவிப்பு ஒன்றை ஒட்டினார்கள். அன்று சாயங்காலம் தண்ணீர் டேங்குக்குக் கீழே ஊர் கூடியது. வார்டு உறுப்பினர் தங்கராசு முதலில் பேசினார்.

“கைகாட்டி வரைக்கும் ஒண்ணு வந்துக்கிட்டு இருந்துது. இப்ப அதுவும் போச்சு. பொறுமையா மனு குடுத்திருந்தா நானே பேசி ஒரு நடையாவது உள்ள வர வெச்சிருப்பன். இந்தம்மா போயி மொதலாளிய மொறச்சிக்கிட்டாங்க. இப்ப பர்மிட்டயே வேணாங்கறான்.”

பலர் தலையாட்டினார்கள். அவளோடு பஸ்ஸில் உட்கார்ந்தவர்களிலேயே இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். திரௌபதி எழுந்து நின்றாள்.

“கைகாட்டி வரைக்கும் வர பஸ்ஸு கைகாட்டி பஸ்ஸு. நம்ம ஊருக்குப் பஸ்ஸு போனாத்தான் போச்சுன்னு சொல்லலாம். அது எப்ப வந்துது போவறதுக்கு?” என்றாள். “நானே பேசியிருப்பன்னு சொல்றீங்க. ஒரு மாசமா ஏன் பேசல?”

தங்கராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “பொம்பளங்ககிட்ட நான் வாய் குடுக்கறதில்ல” என்று சொல்லி எழுந்து போனார். கூட்டம் அத்தோடு கலைந்தது.

அவள் அறிவிப்பைப் போனில் படமெடுத்துக்கொண்டாள். பத்தாவது வரை படித்தவள்தான். இருந்தாலும் அதிலிருந்த தமிழ் அவளுக்குத் தெரிந்த தமிழாக இல்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் இருந்த புங்கமேட்டுப் பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். ‘அனுமதிச் சீட்டுதாரர் தடக் குறைப்பு கோரி விண்ணப்பித்துள்ளார்.’

“தடக் குறைப்புன்னா?”

“ரோட்ட வெட்டிக் கொறைக்கிறது. கைகாட்டியோட பஸ்ஸ முடிச்சிக்கிறாராம்” என்றாள் திரௌபதி. “அப்ப பர்மிட்ட வேணாங்கல. நம்மளத்தான் வேணாங்கறாரு.”

‘கைகாட்டி முதல் புங்கமேடு வரையிலானது வருவாய் ஈட்டாப் பகுதி என்பதால்.’ அந்த வரியில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒருத்தி மெல்லக் கேட்டாள்: “நம்ம ஊரத்தான் சொல்றாங்களா?”

கீழே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. மொத்தத் தூரம் பத்து கிலோமீட்டர். சேவையுள்ள தூரம் மூன்றரை. சேவையில்லாத் தூரம் ஆறரை. திரௌபதி அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். சேவையில்லாத் தூரம் என்று எதற்காகத் தனியாக எழுத வேண்டும்? பஸ் போகாத ரோடு பஸ் முதலாளியின் காகிதத்தில் ஏன் இருக்கிறது? சூப்பர்வைசரிடம் கேட்டாள், அவருக்குத் தெரியவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு, போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், ஜன்னலில் இருந்த கிளார்க்கிடம் கேட்டாள். அவர் நிமிராமலே சொன்னார்: “மினி பஸ்ஸுன்னா அதுக்குத்தாம்மா. பெரிய பஸ் போகாத ஊருக்குப் போகத்தான் பர்மிட்டே குடுக்கிறது. அந்தத் தூரம் பெரும்பகுதி இருந்தாத்தான் விண்ணப்பமே வாங்குவோம்.”

அவள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். திரும்பும்போது கைகாட்டியிலிருந்து நடந்துதான் போனாள். அன்றைக்கு நடையின் களைப்பே தெரியவில்லை என்று பிற்பாடு பூவாயியிடம் சொன்னாள்.

ஆட்சேபணை இருந்தால் சொல்ல அறிவிப்பில் போட்டிருந்த விசாரணை அடுத்த மாதம் பதினான்காம் தேதி. ஊரிலிருந்து இரண்டு பேரை மட்டும் உள்ளே விடுவதாகச் சொன்னார்கள். ஒன்பது பேர் வராந்தாவில் உட்கார்ந்துகொள்ள, திரௌபதியும் பூவாயியும் போனார்கள். அதிகாரியின் பெயர் அகல்யா. முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. மேசையில் கோப்பை விரித்து வைத்திருந்தார். ராஜமாணிக்கம் ஒரு வக்கீலோடு வந்திருந்தார்.

வக்கீல் நீளமாகப் பேசினார். டீசல் விலை, சாலையின் குழி, ஒரு நடைக்கு ஆறு பயணிகள். பொதுமக்கள் சிலர் வாகனத்தை ஆக்கிரமித்துத் தொழிலுக்கு இடையூறு செய்ததாகவும் சொன்னார். அதிகாரி திரௌபதியைப் பார்த்தார்.

“நீங்க ஆக்கிரமிச்சீங்களா?”

“டிக்கெட்டு வாங்கிட்டு உக்காந்தோம்ங்க.” அவள் டிக்கெட்டுகளை மேசைமேல் வைத்தாள். எல்லாவற்றிலும் புங்கமேடு என்று அச்சடித்திருந்தது.

அகல்யா இரண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, “உங்க ஆட்சேபணையைச் சொல்லுங்க” என்றார்.

திரௌபதி பேப்பரில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். விரித்தபோது எழுத்து கண்ணில் நிற்கவில்லை. மடித்துவிட்டாள்.

“எங்க ஊருக்குப் பஸ்ஸு இல்லங்கறதக் காட்டித்தான் இவரு பர்மிட்டு வாங்கியிருக்காரு மேடம். அந்த ஆறரை கிலோமீட்டரு இல்லன்னா இவருக்குப் பஸ்ஸு வுட அனுமதியே கெடையாது. எங்க இல்லாமையக் காட்டி வாங்கிட்டு, இப்ப மெயின் ரோட்டுல ஓட்டிக்கிறன், நீங்க வேணாங்கறாரு. எங்கள வெட்டறதா இருந்தா வெட்டிக்கட்டும். பர்மிட்டும் சேந்து போவணும். மிச்சமிருக்கிற மூணரை கிலோமீட்டர வெச்சி யாருக்கும் மினி பஸ்ஸு பர்மிட்டு தர மாட்டீங்கல்ல?”

வக்கீல் ராஜமாணிக்கத்தின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். ராஜமாணிக்கம் கையசைத்து வக்கீலை நிறுத்தினார்.

“நட்டந்தாங்க மேடம் எனக்கு. இவங்க சொல்ற ஞாயம் எனக்குப் புரியாம இல்ல. வண்டிக்குத் தவணை கட்டணும். அரசாங்கம் ஏதாவது ஈடு குடுத்தா நான் ஏன் உள்ள போவ மாட்டன்னு சொல்றன்?”

“ஈடு கேட்டு நீங்க தனியா எழுதுங்க, நான் மேலே அனுப்பறேன்” என்றார் அகல்யா. “அது வரும்வரை ஊரைத் தவிக்க விட முடியாது. அந்தம்மா சொன்னதுதான் விதி. தடத்தைக் குறைச்சா அனுமதி நிக்காது. வேண்டாம்னா ஒப்படைச்சிடுங்க, வேற ஆளைக் கூப்பிடுறோம்.”

ராஜமாணிக்கம் ஒப்படைப்பதாகச் சொல்லவில்லை. அதிகாரி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார். ஒரு நாளைக்கு நான்கு நடை புங்கமேடு வரை ஓட வேண்டும், வண்டியிலுள்ள ஜிபிஎஸ் பதிவை மாதாமாதம் பார்ப்போம் என்று உத்தரவு எழுதினார்.

வெளியே வந்ததும் ராஜமாணிக்கம் வேப்பமரத்தடியில் திரௌபதியை நிறுத்தினார்.

“மூணு நடை வுடறன்மா. மத்தியானம் ஆளே இருக்காது, அத மட்டும் வுட்டுக் குடுங்க. நீங்க சொன்னா ஊரு கேக்கும்.”

பூவாயி அவள் முழங்கையைத் தொட்டாள். மனிதர் கேட்பது நியாயம்தானே என்பதுபோல இருந்தது. திரௌபதிக்கும் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. மத்தியானத்துப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள்.

“நாலுங்க” என்றாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பஸ் ஊருக்குள் வந்தது. தங்கராசு மாலையோடு நின்று வண்டியை மறித்தார், ஊராட்சி எடுத்த முயற்சி என்று ஐந்து நிமிஷம் பேசினார். கொளஞ்சியப்பன் அதைக் கேட்டுவிட்டுக் காறித் துப்பிவிட்டுக் காட்டுக்குப் போனார். திரௌபதி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். “நேரமாவுது, வண்டிய எடுக்கச் சொல்லுப்பா” என்றாள் பாரியிடம்.

“புங்கமேடு டு பேட்டை ஒண்ணு” என்று சொல்லி அவன் டிக்கெட்டைக் கொடுத்தான். முதல் வாரம் நடைக்கு ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். இரண்டாவது மாதம் காலைப் பஸ்ஸில் நிற்க இடமில்லை. மத்தியானத்துப் பஸ் பாதிநாள் காலியாகவே ஓடியது. ராஜமாணிக்கம் அதைப் பற்றி அவளைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னார், அவளும் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டாள். அவர் ஈடு கேட்டு எழுதிய கடிதத்துக்கு ஊரிலிருந்து நாற்பது கையெழுத்து வாங்கிக் கொடுத்தது அவள்தான். மத்தியான நடையை மட்டும் அவள் விடவில்லை.

சாயங்காலக் கடைசி பஸ் ஆறேகாலுக்குப் போய்விடுகிறது. ஓவர்டைம் பார்க்கிறவர்களுக்கு வேலை விட ஏழரை ஆகிறது. ஐந்தாவது நடை கேட்டு ஒரு மனு எழுதிக்கொண்டு, திரௌபதி மறுபடியும் அந்த ஜன்னலுக்குப் போனாள். கிளார்க் இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தார்.

“நேர அட்டவணையை மாத்தறதுன்னா அதுக்குத் தனி நடைமுறைம்மா. பரிசீலனைக்கு வெப்போம்.”

“பரிசீலனைன்னா எத்தன நாளுங்க?”

“அப்படி நாள் கணக்கெல்லாம் கிடையாது.”

“அப்ப அடுத்த திங்கக்கெழம வரன்” என்று சொல்லி, மனுவின் நகலில் முத்திரை குத்தச் சொல்லிக் கையை நீட்டினாள்.